கழுத்தளவு

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் வழக்கு. மானத்தைக் காப்பதற்கும் மதிப்பைக் கூட்டுவதற்கும் ஆடை வேண்டும் என்று வகுப்பறைகளில் நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வெப்ப நாட்டில் பிறந்து, வெப்ப நாட்டு மாணவர்களுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். உயிரைக் காப்பதற்கும் ஆடை வேண்டும் என்பதை ஏட்டில் படித்திருந்தேனே ஒழிய, உடலால் உணர்ந்ததில்லை. பேராக் மாநிலத்துக்காரனுக்குப் போர்வை என்பது மழைக்காலத்து விடியலில் காலடியில் சுருண்டு கிடக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். 2018ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஓபன் என்னும் துறைமுக நகரில், ஓர் ஆடையைத் தேர்ந்தெடுப்பதற்காக என் மகளோடு மூன்று நாள் அலைந்தேன். அந்த ஆடையின் பெயர் உலருடை.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். தமிழாசிரியனால் அதைத் தாண்டிப் போக முடியாது. கடலுக்கடியில் முக்குளிப்போர் அணியும் உடைகள் இரண்டு வகைப்படும். ஒன்று, உள்ளே நீர் புகவிடும் உடை. அதனை நனையுடை எனலாம். நனைந்த உடை, நனைகின்ற உடை, நனையும் உடை என்று முக்காலத்துக்கும் விரித்துக்கொள்ள, வினைத்தொகைக்குக் குறையேதும் இல்லை. மற்றொன்று, நீரைப் புகவிடாத உடை. அதனை உலருடை என்று சொல்லும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. கடலிலிருந்து ஏறி வருபவரைப் பாருங்கள். உடை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். உலர்ந்திருப்பது உடுத்தியவர்தாம். உடுத்தியவரை உலர்வாக வைத்திருக்கும் உடை என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். உருபும் பயனும் உடன் தொக்க தொகைக்கு இதனையும் ஓர் எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாமா என்பதை இலக்கணம் வல்லாரிடம் விட்டுவிடுகிறேன். வசதி கருதி உலருடை என்றே எழுதிச் செல்கிறேன்.

என் மகள் கடலை முதன்முதலில் உள்ளிருந்து பார்த்தது பெர்ஹெந்தியான் தீவில். அங்கே கடல்நீர் 28 பாகை, 29 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். மெல்லிய நனையுடை ஒன்று போதும். அதுவும் பவளப்பாறை கீறாமல் இருப்பதற்குத்தான். சட்டையும் காற்சட்டையுமாக இறங்குவோரும் உண்டு. பிறகு அவள் கடலியல் படிக்க விரும்பினாள். இடம் கிடைத்தது ஸ்காட்லாந்தில். அங்கே கடல் கோடையின் முடிவில் 13, 14 பாகை வரை ஏறும். குளிர்காலத்தின் இறுதியில் 7 பாகைக்கு இறங்கும். காற்று 14 பாகையில் இருந்தால் ஒரு மேற்சட்டையோடு உலாவலாம். நீர் அப்படியன்று. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்கிறது. முதலில் விரல்கள் மரத்துப்போகும். பிறகு அறிவு மந்தமாகும். முக்குளிப்பவருக்கு அறிவு மந்தமாவதைவிடக் கொடியது வேறில்லை. எவ்வளவு காற்று மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதைக் கணக்கிட வேண்டியது அந்த அறிவுதானே!

நனையுடையைத் தடிப்பாக அணிந்தால் போதாதா என்று நான் கேட்டேன். யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். நனையுடையின் கதை சுவையானது. 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தார் நியோப்ரின் என்னும் செயற்கை இரப்பரைக் கண்டார்கள். 1952ஆம் ஆண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து இயற்பியலறிஞர் இயூ பிராட்னர், உடலை உலர்வாக வைத்தால்தான் சூடாக இருக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, நனைந்தாலும் சூடாக இருக்கலாம் என்று எண்ணினார். நுரைத்த நியோப்ரினில் இலட்சக்கணக்கான குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. வெப்பத்தைக் காப்பவை அந்தக் குமிழிகளே. உள்ளே புகுந்த மெல்லிய நீர்ப்படலம் உடலின் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்கிவிடும். ஆனால் அந்தக் குமிழிகளுக்கு ஆழம் பகை. 10 மீட்டர் இறங்கியதும் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. குமிழி பாதியாகச் சுருங்குகிறது. 30 மீட்டரில் கால்பங்காகிறது. எங்கே குளிர் மிகுதியோ அங்கே உடை மெலிந்துபோகிறது. தேவைப்படும் வேளையில் கைவிடும் நண்பனைப் போன்றது அது.

நம் முன்னோர் மன்னார்க் கடலில் முத்துக் குளித்தார்கள். காலில் கல்லும் இடையில் கயிறும் ஒரு துண்டுத் துணியும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. அது வெதுவெதுப்பான கடல். கொரியாவின் சேசூத் தீவில் மகளிர் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுப்பார்கள். அவர்கள் 1970களில் நனையுடை வரும்வரை பருத்தித் துணி ஒன்றையே அணிந்து குளிர்நீரில் இறங்கினார்கள். கரையேறியதும் கல் வளைவுக்குள் தீமூட்டி உடலைச் சூடேற்றிக்கொள்வார்களாம். மனிதரால் எதையும் தாங்க முடியும் என்பதற்கு அவர்கள் சான்று. ஆனால் தாங்குவது என் மகளாக இருக்கும்போது, அந்தச் சான்று எனக்கு ஆறுதல் தரவில்லை.

உலருடையின் தத்துவம் எளியது. உடலைச் சுற்றிக் காற்றை அடைத்து வைக்க வேண்டும். அந்தக் காற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீர் புகாத ஒரு சுவர் வேண்டும். 1830களில் இலண்டனில் வாழ்ந்த செருமானியரான அகஸ்டஸ் சீபே செய்த முக்குளிப்பு உடையிலேயே இந்தத் தத்துவம் இருக்கிறது. செம்புத் தலைக்கவசத்தோடு உடலை மூடிய உடையையும் அவர் பொருத்தினார். அதை அணிந்தவர்கள் 1839 முதல் இங்கிலாந்தின் தென்கரையில் மூழ்கிக் கிடந்த ராயல் ஜார்ஜ் என்னும் போர்க்கப்பலின் சிதைவுகளை அகற்றும் பணியில் ஈடுபட்டார்கள். இரப்பர் பூசிய துணியே அந்த உடையின் உயிர். இரண்டு துணிகளுக்கு இடையே இரப்பர்க் கரைசலைத் தடவி ஒட்டி, நீர் புகாத துணியை உண்டாக்கும் முறைக்கு 1823இல் காப்புரிமை பெற்றவர் சார்லஸ் மெக்கிண்டாஷ், அவரும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் செய்த துணி வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்டபின்தான் அந்தக் குறை தீர்ந்தது.

கடைக்குள் நுழைந்தால், மெக்கிண்டாஷின் பேரப்பிள்ளைகளைப்போல வரிசையாகத் தொங்கின உடைகள். கடைக்காரர் நரைத்த தாடி வைத்த பொறுமைசாலி. என்னைப் பார்த்ததும், முக்குளிப்பது நீங்களா, மகளா என்று கேட்டார். மகள் என்றேன். அதன்பிறகு அவர் என்னிடம் பேசவில்லை, அவளிடமே பேசினார். நல்ல வணிகர் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

உடைகளில் ஒருவகை, நியோப்ரினால் ஆனது. நனையுடையைப் போன்ற தடித்த நுரைப்பொருள்; தானே கொஞ்சம் சூடு தரும்; நன்றாக நீளும்; உடலோடு ஒட்டி நிற்பதால் நீந்துவதற்கு எளிது. ஆனால் கனம். உலர்வதற்கு நெடுநேரம் ஆகும். முன்பு சொன்ன குமிழிச் சுருக்கம் இதற்கும் உண்டு. அந்தக் குமிழிகளை முன்கூட்டியே நசுக்கிவிட்டால் என்ன என்று எண்ணியவர்கள் நசுக்கிய நியோப்ரினில் உடை செய்தார்கள். அது மிகவும் உறுதியானது; துருப்பிடித்த கப்பல்களில் உரசித் திரிவோர் விரும்புவது; விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. முற்றிலும் இரப்பராலான உடையும் உண்டு. கழுவினால் அழுக்குப் போய்விடும். கிழிந்தால் மிதிவண்டிச் சக்கரத்துக்குப் போல ஒட்டுப் போடலாம். மாசுபட்ட நீரில் இறங்கும் தொழில்முறை முக்குளிப்பாளர்களுக்கு அது ஏற்றது.

மகள் நின்றது நான்காவது வகைக்கு முன்னால். மூன்றடுக்குத் துணி. வெளியே நைலான், உள்ளே பாலியெஸ்டர், நடுவே பியூட்டைல் என்னும் செயற்கை இரப்பர். தூக்கிப் பார்த்தேன், மழைச்சட்டையைவிடச் சற்றே கனம். இதுவா 7 பாகைக் குளிரைத் தாங்கப் போகிறது? தாங்காது என்றார் கடைக்காரர், புன்னகையோடு. இந்த உடை நீரைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. குளிரைத் தடுப்பது உள்ளே அணியும் மற்றோர் உடை. கோடைக்கு மெல்லியது, குளிருக்குத் தடித்தது என்று அதை மாற்றிக்கொள்ளலாம். எந்த ஆழத்துக்குப் போனாலும் மேலுடை சுருங்காது, மடித்தால் ஒரு பையில் அடங்கும், விரைவில் உலரும். வாரத்தில் மூன்று நாள் கடலில் இறங்கப் போகும் மாணவிக்கு, ஈரமான தடித்த உடையை மறுநாள் காலையில் மறுபடியும் அணியும் துன்பம் இல்லை. அந்த வகையை அவள் தேர்ந்ததற்கு அந்த ஒரு காரணமே போதும்.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஸ்காப்பா புளோ என்னும் இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. 1919ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள், அங்கே சிறைப்பட்டிருந்த செருமானியப் போர்க்கப்பல்கள் 74இல் 52 கப்பல்களை அவற்றின் மாலுமிகளே மூழ்கடித்தார்கள். பெரும்பாலானவற்றைப் பின்னர் மீட்டுவிட்டார்கள். மூன்று பெரும் போர்க்கப்பல்களும் நான்கு விரைவுக் கப்பல்களும் இன்னும் அடியில் கிடக்கின்றன. உலகெங்கிலுமிருந்து முக்குளிப்போர் அங்கே வருகிறார்கள். அவ்வாறு வந்து திரும்பிய இளைஞர்கள் இருவர் அன்று கடையில் இருந்தார்கள். ஒருவர் நசுக்கிய நியோப்ரின் கட்சி. மற்றவர் மூன்றடுக்குக் கட்சி. இருவரும் ஒரே கப்பலில், ஒரே நாளில், ஒரே ஆழத்தில் மூழ்கியவர்கள். ஆனால் வழக்கு முடியவில்லை. பட்டிமன்றம் நம்மவருக்கு மட்டும் உரியதன்று என்று எண்ணிக்கொண்டேன்.

உள்ளாடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பருத்தி ஆகாது. ஈரம் பட்டால் அது சூட்டை விட்டுவிடும், வியர்வையும் ஈரந்தான். கம்பளியோ, செயற்கை இழையாலான தடித்த துணியோ வேண்டும். வெள்ளைப் பருத்தி வேட்டியின் பெருமையைப் பற்றிக் கட்டுரை எழுதியவன் நான்; அதன் அரசு செல்லாத இடமும் உலகில் உண்டு என்பதை அங்கே ஒப்புக்கொண்டேன்.

பெரிய சிக்கல் அளவில் வந்தது. என் மகளின் உயரம் 152 சென்டிமீட்டர். தொங்கிய உடைகள் எல்லாம் வடபுலத்து நெடிய உடல்களுக்கு வெட்டப்பட்டவை. மகளிர்க்கென வெட்டிய சிறிய அளவை எடுத்துத் தந்தார்கள். உள்ளாடையோடுதான் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு பார்த்ததாகாது. போட்டுக்கொண்டாள். குந்தச் சொன்னார் கடைக்காரர். இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தச் சொன்னார். கைகளை மார்பின் குறுக்கே கட்டித் தோள்களைத் தொடச் சொன்னார். பிறகு, முதுகில் இருக்கும் கலத்தின் திருகை எட்டுவதுபோல் பிடரிக்குப் பின்னால் கையைக் கொண்டுபோகச் சொன்னார். தோளில் சரியாக இருந்தது. ஆனால் கால் நீளம் ஒரு சாண் மிகுந்து முழங்காலுக்குக் கீழே துணி மடிந்து கிடந்தது.

மடிந்தால் என்ன, நம்மூர்த் தையற்காரர் உள்ளே மடித்துத் தைத்துவிடுவாரே என்று எனக்குத் தோன்றியது. நம்மூர்த் தையல் ஊசி இந்தத் துணியில் நுழைந்தால் அது உலருடையாக இராது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மடிப்புக்குள் காற்றுத் தங்கும் என்பதுதான் உண்மையான இடர். முக்குளிப்பவர் கீழே இறங்க இறங்க உடைக்குள் உள்ள காற்று சுருங்கி, துணி உடலை நெரிக்கும். தோலில் சிவந்த வரிகள் விழும். அதைத் தவிர்க்க மார்பிலுள்ள வால்வு வழியாகக் கலத்துக் காற்றைச் சிறிது சிறிதாக உள்ளே விட வேண்டும். மேலே வரும்போது அதே காற்று விரியும். இடக்கையின் மேற்புறத்திலுள்ள மற்றொரு வால்வு வழியாக அதனை வெளியேற்ற வேண்டும். காற்று எப்போதும் உயரத்தைத் தேடிப் போகும். கால் மேலே, தலை கீழே என்று ஆகிவிட்டால் காற்றெல்லாம் காலுக்கு ஓடும். அங்கே வால்வு இல்லை. காலில் பலூனைக் கட்டியதுபோல மனிதர் தலைகீழாக மேலே இழுத்துச் செல்லப்படுவார். வேகமாக மேலே வருவது நுரையீரலுக்கும் குருதிக்கும் எத்தகைய கேடு என்பதை முக்குளிப்பில் முதற்பாடம் படித்தவர்களும் அறிவார்கள். குனிந்து சுருண்டு, புரண்டு, தலையை மேலே கொண்டுவரும் பயிற்சியைக் குளத்தில் பலமுறை செய்த பிறகே கடலில் இறங்க விடுவார்கள். காலில் துணி மிகுந்திருப்பது அழகுக் குறை மட்டுமன்று என்பது எனக்கு விளங்கிற்று.

ஆகவே அளவெடுத்துச் செய்வது என்று முடிவாயிற்று. ஒரு நீண்ட தாளை எடுத்துக்கொண்டு கடைப்பெண் ஒருவர் அளவெடுக்கத் தொடங்கினார். தோள், மார்பு, இடை, தொடை, முழங்கால், கணுக்கால், கழுத்தடியிலிருந்து கவட்டை வழியாக முதுகுவரை ஒரு சுற்று என்று அவர் எடுத்த அளவுகள் தீபாவளிச் சட்டைக்கு எடுப்பவற்றைப்போல் நான்கு மடங்கு இருக்கும். கடைசியில் மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் வந்தார்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். உலருடையை எதைக் கொண்டு தேர்வது? துணியின் பெயரைக் கொண்டு தேர்வோரே மிகுதி. மூன்று நாள் பார்த்தும் கேட்டும் நான் அறிந்த அளவில், துணிக்கு அடுத்த இடமே தரலாம், முதலிடம் கழுத்துக்கு. அந்த உடையில் மூன்று வாசல்கள்: ஒரு கழுத்து, இரு மணிக்கட்டுகள். கடலையும் மனிதரையும் அங்கே பிரிப்பது மெல்லிய ஒரு பட்டை. அது தளர்ந்தால் கடல் உள்ளே வரும். இறுகினாலோ கடலைவிடப் பெரிய கேடு வரும். கழுத்தின் இருபுறத்திலும் மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருநாடிகளில் அழுத்தத்தை உணரும் இடங்கள் இருக்கின்றன. அவற்றை அழுத்தினால், குருதியழுத்தம் கூடிவிட்டது என்று உடல் ஏமாந்து, இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். தலை சுற்றும்; மயக்கம் வரும். தரையில் மயங்கினால் தண்ணீர் தெளிப்போம். 20 மீட்டர் ஆழத்தில் மயங்கினால்?

அந்தப் பட்டையை நியோப்ரினிலும் செய்கிறார்கள், சிலிகோனிலும் செய்கிறார்கள், மரப்பாலிலும் செய்கிறார்கள். மகளின் கழுத்து மெலிந்தது, மணிக்கட்டும் சிறியது. நன்றாக நீண்டு மென்மையாகப் படியும் மரப்பால் பட்டையே பொருந்தும் என்றார் கடைக்காரர். கறுத்த, மெல்லிய, கூம்பு வடிவமான அந்தப் பட்டையை என் கையில் கொடுத்தார். அதில் வட்டம் வட்டமாகக் கோடுகள் இருந்தன. இறுக்கமாக இருந்தால் ஒரு வட்டத்தை மட்டும் கத்தரித்து அணிந்து பார்க்க வேண்டும், போதாவிட்டால் அடுத்ததை. வெட்டியதை ஒட்ட முடியாது. மூக்கருகே கொண்டுபோனேன். இலேசான புளித்த மணம்.

அந்த மணத்தை நான் அறுபதாண்டுகளாக அறிவேன். என் தாயார் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தம் நிரையில் இறங்குவார். ஒவ்வொரு மரத்திலும் பட்டையை மெல்லியதாகச் சீவுவார். ஆழமாகப் போனால் மரம் புண்படும், கங்காணியின் வாய் சும்மா இராது. மேலோடு போனால் பால் வராது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கைக்கு, தாளின் தடிப்பளவு எவ்வளவு என்று தெரிந்திருந்தது. முற்பகலில் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து பால் கொட்டகைக்குக் கொண்டுபோவார். பள்ளி இல்லாத நாள்களில் நான் உடன் சென்று வெட்டுத் தடத்தில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவேன். லயத்துக்குத் திரும்பிக் குளித்த பிறகும் அம்மாவின் கைகளில் இந்த மணம் இருக்கும்.

1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குப் போன விதைகள், 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்ததையும், அவற்றுள் சில கோலாகங்சாருக்குச் சென்றதையும், பின்னாளில் ரிட்லி என்பார் மரத்தைச் சாகடிக்காமல் பாலெடுக்கும் முறையை வகுத்ததையும் நாம் பாடநூலில் நடத்தியிருக்கிறோம். அந்தப் பால் எங்கே போகிறது என்று ஒரு மாணவன் கேட்டால், வண்டிச் சக்கரத்துக்கு என்று விடை சொல்வது வழக்கம். கழுத்துக்கு என்று யாரும் சொன்னதில்லை. என் கையிலிருந்த பட்டை எந்த நாட்டு மரத்துப் பால் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. தாய்லாந்தாக இருக்கலாம், நம் நாடாகவும் இருக்கலாம். யாரோ ஒரு தாய் விளக்கைக் கட்டிக்கொண்டு சீவிய மரம் என்பது மட்டும் உறுதி.

அந்தப் பட்டையை எப்படிப் பேணுவது என்று கடைக்காரர் சொல்லத் தொடங்கியபோது, பாதியை நான் முந்திச் சொன்னேன். வெயிலில் காயப் போடாதே, பிசுபிசுத்துவிடும். எண்ணெய் படக்கூடாது, இரப்பர் ஊதிப்போகும். மணமில்லாத மாவைத் தடவி வை. கடைக்காரர் வியப்போடு என்னைப் பார்த்தார். அந்த மூன்று நாளில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அப்போதுதான். எண்ணெய் என்றதும் மகள் தன் பின்னலைத் தொட்டுக்கொண்டாள். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த தேங்காயெண்ணெய்ப் புட்டி அவள் அறையில் இருந்தது. கடலுக்குப் போகும் முந்திய நாள் எண்ணெய் கிடையாது என்றேன். ஒரு முடி அந்தப் பட்டைக்கு அடியில் சிக்கினாலும் அதன் வழியே நீர் கசியும் என்று கடைப்பெண் சேர்த்துச் சொன்னார். பின்னலை வெட்டிவிடவா என்று மகள் கேட்டாள். கொண்டையை இறுக்கிக் கட்டு, போதும் என்றேன்.

எங்களுக்குள் கருத்து மாறுபட்டது ஜிப்பைப் பற்றித்தான். ஒருவகை உடையில் ஜிப் முதுகில், தோளுக்குத் தோள் செல்லும். அதனைப் போட்டுக்கொள்பவர் தாமே மூட முடியாது. பின்னால் ஒருவர் நின்று இழுத்து மூட வேண்டும். மற்ற வகையில் அது மார்பின் குறுக்கே சாய்வாகச் செல்லும், தாமே மூடிக்கொள்ளலாம். முதுகு ஜிப் விலை குறைவு. மார்பில் விறைப்பாக எதுவும் இராது. ஆனால் நான் அதை விரும்பியது வேறு காரணத்தால்.

“அப்பா, முன்பக்க ஜிப்பே வேண்டும். ஒவ்வொரு முறையும் இன்னொருவரை எதிர்பார்த்து நிற்க முடியுமா?” என்றாள்.

“எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் முதுகு ஜிப் வேண்டும் என்கிறேன். அதை மூட ஆளில்லாத இடத்தில் நீ கடலில் இறங்க மாட்டாய் அல்லவா?” என்றேன்.

“துணையில்லாமல் இறங்கக்கூடாது என்பது விதி, அப்பா. அந்த விதியை ஜிப்பா எனக்கு நினைவூட்ட வேண்டும்?”

அதற்கு என்னிடம் விடை இல்லை. எனினும் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை, இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. உடுத்துபவர் அவள் ஆதலால் முன்பக்க ஜிப்பே தாளில் எழுதப்பட்டது. நீரில் நெடுநேரம் இருப்பவர்களுக்கு இயற்கையின் அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடுகள் உண்டு. அதைக் கடைப்பெண்ணும் மகளும் தனியே பேசிக்கொண்டார்கள். நான் சன்னலோரம் போய்ப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விலை 1,100 பவுண்டு. அன்றைய மாற்றுக் கணக்கில் நம் வெள்ளி ஆறாயிரத்தை நெருங்கியது. உள்ளாடை தனி. பழைய உடை ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. ஜிப்பின் பற்கள் இரண்டு வளைந்திருந்தன. உலருடையில் ஜிப்பை மாற்றும் செலவு சிறிதன்று. ஆண்டுக்கு ஒருமுறை இறங்குவோர் வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை. ஐஸ்லாந்தில் சில்பிரா என்னும் பாறைப் பிளவில், ஆண்டு முழுவதும் 2 முதல் 4 பாகையில் இருக்கும் தெளிந்த நீரில் இறங்கும் சுற்றுலாக்காரர்களும் அப்படியே செய்கிறார்கள். என் மகள் சுற்றுலாக்காரி அல்லள். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வீட்டுக்கூரை மாற்றுவதற்கென்று ஒதுக்கியது இருந்தது. கூரை இன்னும் ஓராண்டு தாங்கும் என்று என் மனைவி தொலைபேசியில் சொன்னாள்.

ஆறு வாரம் கழித்து உடை வந்தது. நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன். குளத்தில் பயிற்சி முடித்து, நவம்பரில் 12 பாகை நீரில், துணையாக இருவரோடு, 14 மீட்டர் ஆழத்துக்கு முதன்முதலாக இறங்கியதாக எழுதியிருந்தாள். கழுத்துப் பட்டையில் இரண்டு வட்டம் வெட்டினார்களாம். ஒரு விரலை நுழைத்தால் இலேசாகப் பிடிக்கிறது, தலை சுற்றவில்லை, விழுங்க முடிகிறது. மேலே வந்து உடையைக் கழற்றியபோது இடக்கை முன்கைவரை நனைந்திருந்ததாம். பாறையைப் பற்றும்போது மணிக்கட்டின் நரம்புகள் புடைத்து, இரண்டு நரம்புகளுக்கு நடுவே வாய்க்கால்போல் ஒரு பள்ளம் விழுந்து, அதன் வழியே நீர் புகுந்திருக்கிறது. பட்டையைச் சற்று மேலே ஏற்றிப் போடு என்று சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த முறை நனையவில்லை.

மூன்றாண்டு நன்றாக உழைத்தது. 2021இல் கழுத்துப் பட்டை பிசுபிசுத்து, ஓரத்தில் கீறல் விழுந்தது. மரப்பாலின் ஆயுள் அவ்வளவுதான் என்பதை நான் அறிவேன். புதியது போடும்போது ஒரு வளையத்தைப் பொருத்திவிட்டால், இனிப் பசை இல்லாமல் படகிலேயே தானாக மாற்றிக்கொள்ளலாம் என்றும், அதற்கு ஏற்றது சிலிகோன் பட்டை என்றும் எழுதினாள். சிலிகோன் மரத்தில் பிறப்பதன்று. மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கனைக் கொண்டு ஆலையில் செய்வது. எண்ணெய்க்கும் வெயிலுக்கும் எளிதில் கெடாது. கூரான முனை பட்டால் மட்டும் சட்டென்று கிழியும். இவ்வளவையும் விளக்கிவிட்டு, கடைசி வரியில், “சிலிகோன் போட்டுக்கொள்ளட்டுமா, அப்பா?” என்று கேட்டிருந்தாள். அவளுடைய உடைக்கு என்னிடம் எதற்குக் கேட்கிறாள் என்று என் மனைவி வியந்தாள்.

கழுத்துக்கு எது இதமாக இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள் என்று அன்றிரவே பதில் எழுதினேன்.